இரண்டு பட்டியல், ஒரு பெட்டி: பல்கலைக்கழக ஊழியர் சங்கத் தேர்தல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எங்கள் நலன்புரிச் சங்க யாப்பின் 7ஆம் பிரிவு ஒற்றை வாக்கியம்: "சந்தா செலுத்திய அங்கத்தவர் அனைவரும் வாக்களிக்க உரித்துடையர்." படித்தால் குறை எதுவும் கண்ணில் படாது. 30 ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டே தேர்தல் நடத்தி வந்தோம். எந்த மாதம் வரைக்குமான சந்தா, அதை எந்தத் திகதியில் பார்ப்பது, செலுத்தினாரா இல்லையா என்று சொல்வது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டி வந்தபோது சங்கம் ஐந்து மாதம் முடங்கிக் கிடந்தது.

அந்தத் தேர்தலுக்குத் தெரிவத்தாட்சி அலுவலராக இருந்தவள் நான். நடந்த தவறுகளில் இரண்டு என்னுடையவை. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரும் உரியவர்களின் பெயர்களும் இங்கே வேண்டியதில்லை. கொழும்பு நகருக்குள் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் என்றால் போதும்.

பேரவையில் இல்லாத கதிரை

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு நலன்புரிச் சங்கத் தேர்தல் இவ்வளவு பெரிய விடயமா என்று தோன்றலாம். இலங்கையின் அரச பல்கலைக்கழகத்தை ஆளும் சபை பேரவை. அதன் அமைப்பை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமும், 1985ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கத் திருத்தச் சட்டமும் வகுத்திருக்கின்றன. துணைவேந்தரும் பீடாதிபதிகளும் பதவிவழி உறுப்பினர்கள். கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவை தன்னிடமிருந்து இருவரைத் தெரிந்து அனுப்பும். மற்றவர்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கும். பெரும்பான்மை அந்த நியமன உறுப்பினர்களுக்கே.

இதில் விரிவுரையாளர் ஒருவருக்கு மெல்லிய நூல் போன்ற ஒரு தொடர்பாவது உண்டு. பீடச் சபை பீடாதிபதியைத் தெரிவு செய்கிறது, பீடாதிபதி பேரவையில் அமர்கிறார், அங்கே ஒரு வாக்கு அவருக்கு இருக்கிறது. நூலக உதவியாளருக்கு, ஆய்வுகூடப் பணியாளருக்கு, விடுதியில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவருக்கு அந்த நூலும் இல்லை. கல்விசாரா ஊழியர் தெரிவு செய்து அனுப்பும் உறுப்பினர் என்று பேரவையில் ஒரு கதிரை கிடையாது. அவர்கள் கைப்பட வாக்குப்போட்டு அமைக்கிற சபைகள் தொழிற்சங்கமும் நலன்புரிச் சங்கமும்தான்.

தொழிற்சங்கத்துக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் அதன் விதிகளைப் பதிவாளரிடம் கொடுக்கவேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் காட்டவேண்டும். எங்களுடையது தொழிற்சங்கம் அல்ல. மரண உதவி, அவசரக் கடன், தை மாதத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பி, வருடத்துக்கொரு சுற்றுலா, உணவகக் குத்தகையில் ஒரு சொல் என்று நடக்கும் சங்கம். விரிவுரையாளரும் கல்விசாரா ஊழியரும் ஒப்பந்த ஊழியரும் ஒரே பட்டியலில் அங்கத்தவர்களாக இருக்கும் இடம் எங்கள் வளாகத்தில் அது ஒன்றுதான். யாப்பை வெளியிலிருந்து எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாங்களே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

பங்குனி மாதத்து வாக்கெடுப்பு

ஒப்பந்த ஊழியரின் ஒப்பந்தம் மார்கழி (டிசம்பர்) 31இல் முடியும். புதுப்பிக்கும் கடிதம் தைமாதம் வரவேண்டும். அந்த ஆண்டு வரவில்லை. நியமனங்களைக் கவனிக்கும் தாபனக் கிளையில் கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது. வேலை நிற்கவில்லை, சம்பளமும் நிற்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் வழக்கமான சம்பளப் பட்டியலில் சேராமல் தனி உறுதிச்சீட்டின் மூலம் கொடுக்கப்பட்டது. அதில் சங்கச் சந்தாவைக் கழிக்கும் நிரல் இல்லை. 43 பேரின் சந்தா தையிலும் மாசியிலும் கழிக்கப்படவில்லை. அவர்களில் ஒருவர்கூட அதை அறிந்திருக்கவில்லை. சந்தாவைக் கையில் கொண்டுவந்து கட்டும் பழக்கம் எங்கள் சங்கத்தில் எப்போதுமே இருந்ததில்லை.

பொருளாளர் நிதிக் கிளையின் கழிப்பு விபரத்தை வைத்துத் தன் பட்டியலைத் தயாரித்தார். அதில் 569 பேர். செயலாளர் அங்கத்துவப் பதிவேட்டை வைத்துத் தன் பட்டியலைத் தயாரித்தார். அதில் 612 பேர். இருவரும் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. வாக்கெடுப்பு நாள் காலை எட்டரை மணிக்கு என் மேசைக்கு வந்தது செயலாளரின் பட்டியல். அதை வைத்தே தொடங்கினேன்.

தலைவர் போட்டியின்றித் தெரிவாகிவிட்டார். போட்டி செயலாளர் பதவிக்கு. பதவியில் இருந்த செயலாளரும் ஆய்வுகூடப் பகுதியைச் சேர்ந்த ஒருவரும் நின்றார்கள்.

பத்து மணி இருபது நிமிடம் இருக்கும். துப்புரவுப் பணி செய்யும் ஓர் அக்கா வரிசையில் வந்து அடையாள அட்டையை நீட்டினார். கையில் இன்னும் ஈரம். பெயரைப் பார்த்து வெட்டிவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் எதிர் வேட்பாளரின் முகவர் எழுந்து, கையில் பொருளாளரின் பட்டியலை விரித்து, "இவர் பெயர் இதில் இல்லை" என்றார். மண்டபத்தில் பேச்சு நின்றது. பொருளாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சொன்ன கணக்கும் முகவர் சொன்ன கணக்கும் ஒன்றாக இருந்தன. என் பட்டியலில் புரட்டிப் பார்த்தேன். அந்த 43 பேரில் 11 பேர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டிருந்தார்கள்.

"மிஸ், போன முறை இதே மண்டபத்தில்தானே போட்டேன். இந்த முறை மட்டும் என் பெயர் எங்கே போனது?" என்று அந்த அக்கா கேட்டார்.

நான் அவரை நிறுத்தினேன். அந்த 43 பேரில் அதற்குப் பின் வந்தவர்களையும் நிறுத்தினேன். ஒரு கொப்பியில் பெயரைக் குறித்துக்கொண்டு 14 பேரைத் திருப்பி அனுப்பினேன்.

இது என் முதல் தவறு. தொடக்கத்திலேயே 43 பேரையும் விட்டிருந்தால் ஒரு விதத்தில் நியாயம் இருந்திருக்கும். தொடக்கத்திலேயே மறுத்திருந்தாலும் ஒரு விதத்தில் நியாயம் இருந்திருக்கும். பாதி வழியில் அளவுகோலை மாற்றியதற்கு எந்த நியாயமும் இல்லை. பெட்டிக்குள் விழுந்த 11 சீட்டுகளையும் திருப்பி எடுக்க முடியாது. சீட்டுகளில் தொடரிலக்கம் இல்லை. இருந்திருந்தாலும் இரகசிய வாக்கை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

நாட்டின் தேர்தல் சட்டத்தில் இதை ஒத்த இக்கட்டுக்கு வழி வைத்திருக்கிறார்கள். வாக்களிக்க வந்தவர் தன் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்துவிட்டதை அறிந்தால், அவருக்கு வேறு நிறச் சீட்டு ஒன்று கொடுக்கப்படும். அது பெட்டிக்குள் போகாது. பெயர் எழுதித் தனிக் கட்டில் வைக்கப்படும். சந்தேகத்தைப் பெட்டிக்கு வெளியே நிறுத்திவைப்பதுதான் அதன் உட்பொருள். 14 தபால் உறைகள் என் மேசை இலாச்சியில் இருந்தன. ஒவ்வொருவரின் சீட்டையும் ஓர் உறையில் இட்டு, மேலே பெயரை எழுதி ஒட்டி வைத்திருந்தால் பின்னால் எத்தனையோ தொல்லை குறைந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை.

மாலையில் எண்ணினோம். செயலாளருக்கு 212, எதிர்த்து நின்றவருக்கு 206, நிராகரிக்கப்பட்டவை 5. வித்தியாசம் 6.

யார் முன்னால் முறையிடுவது

மூன்றாம் நாள் எழுத்துமூல முறைப்பாடு வந்தது. யாப்பின்படி முறைப்பாட்டை விசாரிப்பது செயற்குழு. செயற்குழுவைக் கூட்டுவது செயலாளர். கூட்டறிக்கை எழுதுவதும் அவரே. முறைப்பாடோ அவருடைய தெரிவைப் பற்றியது.

அவர் நேர்மையானவர். அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். கூட்டம் தொடங்கியதும் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, "இதை நான் எழுதக்கூடாது" என்று வெளியே போய் நின்றார். ஆனால் உள்ளே மீதியிருந்த எட்டுப் பேரில் ஐவர் அவருடன் சேர்ந்து பிரசாரம் செய்தவர்கள். அவர்கள் முடிவு சரியாக இருந்தாலும் அதை யாரும் நம்பப்போவதில்லை. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்பதைச் சட்டம் படிக்காதவர்களும் அறிவார்கள். எங்கள் யாப்பை எழுதியவர்களும் அறிந்திருப்பார்கள். செயற்குழுவின் தெரிவே ஒருநாள் வழக்காகும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

புதுக்கடையில் தொழில் செய்யும் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரும் நானுமாக மூவர். பதிவு செய்யப்படாத சங்கத்தின் யாப்பு அங்கத்தவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை போன்றது என்று அவர் தொடங்கினார். மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அடுத்த தேர்தலும் வந்துவிடும் என்றார். பிறகு அவர் தந்த அளவுகோல்தான் எங்களுக்கு வழி காட்டியது.

1981ஆம் ஆண்டின் சனாதிபதித் தேர்தல் சட்டமும் பாராளுமன்றத் தேர்தல் சட்டமும், விதி மீறப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு தெரிவை வெறிதாக்குவதில்லை. அந்த மீறல் முடிவைப் பாதித்ததா என்பதையும் பார்க்கச் சொல்கின்றன. 1988 மார்கழிச் சனாதிபதித் தேர்தலில் ஆர். பிரேமதாச தெரிவானதை எதிர்த்துச் சிறிமாவோ பண்டாரநாயக்க தொடுத்த மனுவை உயர் நீதிமன்றம் 1992இல் தள்ளுபடி செய்த வழக்கில் இந்தக் கேள்வியே நடுநாயகமாக இருந்தது. அந்தச் சட்டங்கள் எங்கள் சங்கத்தைக் கட்டுப்படுத்தா. ஆனால் கேள்வி பொருந்தும்.

கேட்டுப் பார்த்தோம். பொருளாளரின் பட்டியல்தான் சரி என்று வைத்துக்கொண்டால் பெட்டிக்குள் 11 செல்லாத வாக்குகள் இருக்கின்றன. அவை முழுவதும் வென்றவருக்கு விழுந்திருந்தால் அவரிடம் மிஞ்சுவது 201. தோற்றவர் 206உடன் முன்னே நிற்பார். செயலாளரின் பட்டியல்தான் சரி என்று வைத்துக்கொண்டால் 14 பேரின் உரிமையை நான் மறுத்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் தோற்றவருக்கு வாக்களித்திருந்தால் அவர் 220. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் 6 என்ற வித்தியாசம் தாங்கவில்லை. மறுதேர்தலைத் தவிர வழியில்லை என்பதை இரு தரப்பும் அந்த மேசையிலேயே ஒப்புக்கொண்டன. கீழே இறங்கி வரும்போது இருவரும் ஒன்றாகத் தேநீர் குடித்ததை நான் பார்த்தேன். பிணக்கு மனிதர்களுக்குள் இருக்கவில்லை.

ஒட்டப்படாத அறிவித்தல்

மறுதேர்தலுக்கு முன் இன்னொன்றை ஆராயவேண்டியிருந்தது. சந்தா நிலுவை பற்றி அந்த 43 பேருக்குத் தெரியாமல் போனது எப்படி?

தெரிவித்திருந்தார்கள். பங்குனி முதல் வாரத்தில் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. நிலுவை உள்ளவர்கள் 10ஆம் திகதிக்கு முன் பொருளாளரிடம் செலுத்தவேண்டும் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழில் இல்லை. வழக்கமாக மொழிபெயர்ப்பவர் விடுமுறையில் இருந்தார், அவசரம் என்று அப்படியே ஒட்டிவிட்டார்கள். 43 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மலையகத்திலிருந்தும் கொழும்பின் வடபகுதியிலிருந்தும் வருகிற தமிழ் பேசுவோர். சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். பலருக்கு வாசிக்க வராது.

அந்தத் தாளை நான் பார்த்தேன். நின்று வாசித்தேன். தமிழ் இல்லை என்பதையும் கவனித்தேன். அன்று மதியத்துக்குள் முடிக்கவேண்டிய வேலை இருந்தது, கடந்து போனேன். இது என் இரண்டாவது தவறு. முதல் தவறைவிட இதுவே எனக்குப் பெரிது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. பல்கலைக்கழகம் தமிழில் சுற்றறிக்கை அனுப்பாவிட்டால் நாங்கள் கடிதம் எழுதியிருக்கிறோம். எங்கள் சொந்தச் சங்கத்தின் அறிவித்தலில் தமிழ் இல்லாதபோது, அதை வாசிக்கத் தெரிந்த நான் எனக்குப் புரிகிறது என்ற நிம்மதியில் போய்விட்டேன்.

நிலுவை என்ற சொல்லே இங்கே சரியில்லை. அவர்கள் கொடுக்காமல் விடவில்லை. சம்பளம் கொடுப்பவர் கழிக்காமல் விட்டார். பட்டியல் கணக்குப் பார்க்கும்போது அந்த வேறுபாடு மறைந்துபோய், எஞ்சியது "செலுத்தவில்லை" என்ற சொல் மட்டும்.

வைகாசி மழையும் ஒரு மரணமும்

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை முடிந்து, மறுதேர்தலுக்கும் யாப்புத் திருத்தத்துக்குமாக விசேட பொதுக்கூட்டம் ஒன்றை வைகாசி கடைசியில் கூட்டினோம். கூட்டநடப்பெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய ஆகக்குறைந்த தொகை, அங்கத்தவரில் மூன்றிலொரு பங்கு: 204 பேர். காலையிலிருந்து தென்மேற்குப் பருவமழை கொட்டியது. பாதைகளில் தண்ணீர். புகையிரதங்கள் தாமதம். மண்டபத்தில் 171 பேர். அரை மணித்தியாலம் காத்திருந்தோம், ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். கூட்டநடப்பெண் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாப்பில் ஒரு சொல் இல்லை. பெரும்பாலான சங்கங்களின் யாப்பில் கூட்டத்தை ஒரு கிழமைக்கு ஒத்திவைக்கலாம், அடுத்த முறை குறைந்த எண்ணிக்கை போதும் என்றிருக்கும். எங்களுடையதில் அதுகூட இல்லை. வந்தவர்கள் நனைந்த குடைகளோடு திரும்பிப் போனார்கள்.

அதே கிழமையில் எங்கள் வளாகத் தோட்டப் பகுதியில் வேலை செய்யும் ஒருவருடைய தகப்பனார் ஹட்டன் பக்கத்தில் காலமானார். மரண உதவி ரூபா 25,000. செய்தி வந்த அன்றே கையில் கொடுப்பதுதான் எங்கள் சங்கத்தின் வழக்கம். எத்தனையோ பேர் சந்தா கட்டுவதே அதற்காகத்தான்.

காசோலையில் ஒப்பமிட இருவர் வேண்டும். பழைய பொருளாளர் பங்குனி முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டார். புதிய பொருளாளர் தெரிவாகியிருந்தார், ஆனால் அவர் பெயரை வங்கியில் பதிய, பொதுக்கூட்டத்தின் உறுதிப்படுத்திய கூட்டறிக்கை வேண்டும். அந்தக் கூட்டறிக்கைதான் பிணக்கில் கிடந்தது. வங்கி முகாமையாளர் பொறுமையாகக் கேட்டார், அனுதாபமும் காட்டினார், மறுத்தார். அவர் செய்தது சரி. கணக்கில் பணம் இருந்தது. எடுக்க ஆள் இல்லை.

கிளை கிளையாக ஒரு உறையைக் கொண்டுபோய் நாங்கள் காசு சேர்த்தோம். மாலை ஆறு மணிக்குப் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அதை அவரிடம் கொடுத்தபோது, "சங்கக் காசா, மிஸ்?" என்று கேட்டார். ஆம் என்று சொல்ல முடியவில்லை. நண்பர்கள் சேர்த்தது என்றேன். அவர் உறையை இரு கைகளாலும் வாங்கினார். பல வருடங்களாகச் சந்தா கட்டி வந்த மனிதர். தன் உரிமையாகப் பெறவேண்டியதை அவர் உதவியாகப் பெற்றார்.

யாப்பு விதிகளைப் பற்றிய பேச்சு வந்தால் "இது சும்மா சம்பிரதாயம்" என்று சொல்லும் நல்ல மனிதர்கள் எங்களிடையே பலர் இருந்தார்கள். அந்தக் கிழமைக்குப் பின் அப்படி எவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

ஒரு கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது

ஆனி மாதச் சம்பள நாளைத் தேர்ந்தோம். அன்று விடுமுறை எடுப்பவர் குறைவு. மதிய இடைவேளையில், மண்டபத்தை விட்டு உணவகத்துக்குப் பின்னால் இருக்கும் மரநிழலில், நின்றபடியே கூட்டம். 260 பேருக்கு மேல் வந்தார்கள். அந்த நாளை முன்மொழிந்தவர் ஓர் அலுவலகப் பணியாளர். பேராசிரியர்கள் மூவர் இருந்த குழுவுக்கு அது தோன்றவில்லை.

யாப்புத் திருத்த வரைவை ஐவர் குழு எழுதியது. நானும் அதில் இருந்தேன். ஒவ்வொரு பிரிவையும் சிங்களத்திலும் தமிழிலும் உரத்து வாசித்தே நிறைவேற்றினோம்.

முதலில் பட்டியல். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டத்தின் ஒழுங்கைப் பார்த்துப் பழகிய மக்கள் நாம். பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும், பெயர் விடுபட்டவர் கோரலாம், தவறான பெயருக்கு ஆட்சேபம் சொல்லலாம், அதற்குப் பின் அத்தாட்சிப்படுத்திய பட்டியல் இறுதியானது. வாக்குச் சாவடியில் அதைப் பற்றித் தர்க்கம் இல்லை. அதையே சிறிதாக்கி எடுத்துக்கொண்டோம். வாக்கெடுப்புக்கு 30 நாளுக்கு முன் ஒரே பட்டியல். செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து ஒப்பமிடவேண்டும். 14 நாள் எல்லாக் கிளைகளிலும் ஒட்டியிருக்கவேண்டும். அதற்குள் வரும் கோரிக்கைகளைத் தீர்த்து மூடிவிடவேண்டும். சம்பளத்தில் கழிக்கத் தவறியதால் வந்த நிலுவை அங்கத்தவரின் நிலுவை ஆகாது என்ற வரியைத் தனியே சேர்த்தோம். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பாடும் பட்டோம் என்று எனக்குத் தோன்றும். அப்படியும் தவறிப்போனால், வாக்கெடுப்பு நாளில் எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது. உறைக்குள் சீட்டு, வெளியே பெயர், முடிவு பின்னர்.

முறைப்பாட்டை விசாரிக்க மூவர். வேட்புமனு கோருவதற்கு முன்பே பொதுக்கூட்டம் அவர்களைத் தெரிந்துவிடவேண்டும். செயற்குழுவில் இருப்பவர்களோ வேட்பாளர்களோ அதில் இருக்க முடியாது. யார் போட்டியிடப் போகிறார்கள் என்று தெரிவதற்கு முன் நடுவரைத் தெரிவதுதான் இதன் சாரம். பின்னால் தெரிந்தால் ஒவ்வொருவரும் தன் ஆளைத் தேடுவார்.

வராதவருக்காக வேறொருவர் போடும் பதிலாள் வாக்கை ஒழித்தோம். அதைக் காப்பாற்ற நினைத்தவர்கள் இரவுக் கடமை ஊழியரைக் காரணம் காட்டினார்கள். ஆனால் நடந்தது வேறு: கிளைத் தலைவர்கள் தமக்குக் கீழே இருப்பவர்களிடம் ஒப்பமிட்ட படிவங்களைக் கொத்தாக வாங்கி வைத்திருப்பார்கள். சம்பள உயர்வுப் படிவத்தில் ஒப்பமிடுகிறவர் கேட்கும்போது யார் மறுப்பார்? இரவுக் கடமையில் இருப்பவர்களுக்காக வாக்கெடுப்பைக் காலை ஆறு மணிக்கே தொடங்குவது என்று தீர்மானித்தோம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே பயிற்சிக்குப் போனவர்களுக்கு இன்னும் வழி காணவில்லை.

பதினொருவர் கொண்ட செயற்குழுவில் ஒப்பந்த ஊழியருக்கு இரண்டு இடம் ஒதுக்குவது பற்றித்தான் கடும் வாதம் நடந்தது. ஒதுக்கினால் ஊழியரைப் பிரித்துவிடுவோம், எல்லோரும் ஒரே அங்கத்தவர்தானே என்று சிலர் மனதாரச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒப்பந்தம் மார்கழியில் முடிகிற ஒருவர், மாசியில் நிரந்தர அலுவலர் ஒருவரை எதிர்த்துப் போட்டியிடமாட்டார். பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, அதை எழுதினால் குறைந்தது மேசையிலாவது அவர்களுக்கு இடம் கிடைக்கும். சிறு பெரும்பான்மையில் நிறைவேறியது.

கூட்டநடப்பெண் மூன்றிலொன்று என்பதை மாற்றவில்லை. கூட்டம் கூடாவிட்டால் ஏழு நாளில் மீண்டும் கூடலாம், அப்போது ஐந்திலொன்று போதும், ஆனால் அப்படிக் கூடிய கூட்டத்தில் யாப்பைத் திருத்த முடியாது. புதியவர்கள் பொறுப்பேற்கும் வரை பழைய செயற்குழு மரண உதவி கொடுக்கலாம், வேறெந்தச் செலவும் செய்ய முடியாது. காசோலையில் ஒப்பமிட மூவர் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும், அவர்களில் எந்த இருவரும் போதும். ஓய்வு பெறப் போகிறவர் ஆறு மாதத்துக்கு முன்பே தன் இடத்தை விடவேண்டும்.

மொழி பற்றிய பிரிவை நான் எழுதினேன். மூன்று மொழியிலும் ஒட்டப்படாத அறிவித்தல் அறிவித்தலாகக் கொள்ளப்படாது. அப்படியென்றால் உரைகளுக்குள் முரண் வந்தால் எது மேலோங்கும் என்று ஒருவர் கேட்டார். எமது நாட்டுச் சட்டங்களின் கடைசியில் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும், அதையே வைப்போம் என்றார்கள் சிலர். நீண்ட பேச்சுக்குப் பின் வேறொன்றை எழுதினோம்: அங்கத்தவர் ஒருவரின் வாக்குரிமையைக் காக்கும் உரை எதுவோ அதுவே மேலோங்கும். அதை முன்மொழிந்தவர் ஒரு சிங்களச் சகோதரி, பரீட்சைக் கிளையில் வேலை செய்பவர். நான் வழிமொழிந்தேன்.

ஆடியில் ஒட்டிய பட்டியல்

மறுதேர்தலுக்கான பட்டியல் ஆடி மாதம் ஒட்டப்பட்டது. 615 பெயர். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிரதிப் பதிவாளர் ஒருவர் தெரிவத்தாட்சி அலுவலராக வந்தார். நான் பட்டியலுக்குக் கோரிக்கை வாங்கும் மேசையில் மட்டும் இருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல், பங்குனியில் நான் திருப்பி அனுப்பிய அக்கா வந்தார். அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று, தமிழ்ப் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராக உதட்டசைத்து வாசித்துக்கொண்டு போனார். இரண்டாம் தாளின் நடுவில் விரல் நின்றது. நெடுநேரம் அங்கேயே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி வந்தார்.

"பெயர் இருக்கிறது, மிஸ். முதலெழுத்து பிழை. என் அப்பாவின் பெயருக்கு 'ச' போடவேண்டும், 'க' என்று போட்டிருக்கிறது."

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவரே நிரப்பினார். நான் திகதியிட்டுப் பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் அதை நான்காக மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். மறுநாள் நான்கு மணிக்குப் பட்டியல் மூடப்பட்டது. திருத்திய தாளில் 'ச' இருந்தது.